ஓராண்டு யார் கணக்கில்? மருத்துவ நுழைவுத் தேர்வும் தயாரிப்பின் சுமையும்

மருத்துவக் கல்லூரியில் இருக்கும் இடங்கள் கொஞ்சம், கேட்பவர்கள் ஏராளம். யாருக்குக் கொடுப்பது? சென்னை மாகாணம் இந்தக் கேள்விக்குப் பதில் தேடத் தொடங்கி ஏறத்தாழ நூறாண்டு ஆகிறது. வகுப்புவாரிப் பங்கீடு, நேர்காணல், மாவட்டவாரி இடம், மாநில நுழைவுத் தேர்வு, பிளஸ் டூ மதிப்பெண், நீட் என்று பதில்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஒவ்வொரு புதிய முறையும் பழையதன் ஓட்டையைச் சுட்டிக்காட்டியே அரியணை ஏறியது. ஏறிய பிறகு தன் ஓட்டையைக் காட்டியது.

இந்த நீண்ட வாதத்தில் பெரும்பங்கு அளவுகோலைப் பற்றியது. எந்தத் தேர்வு நியாயம், எந்த மதிப்பெண் நம்பகம் என்பதே பேச்சு. அந்த அளவுகோலுக்குத் தன்னைத் தயார்செய்துகொள்ள ஒரு மாணவருக்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது, அந்தக் காலத்துக்கு யார் சோறு போடுகிறார்கள் என்பது ஓரத்தில் கிடக்கிறது. அந்த ஓரத்திலிருந்து பார்த்தால் பழைய நிலைப்பாடுகள் பலவும் சற்று வேறு மாதிரித் தெரிகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அப்படிப் பார்ப்பதற்குத் தோதான ஓர் இடம் ஆரம்பாக்கம். திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி தாலுகாவின் வடகோடியில், தேசிய நெடுஞ்சாலை 16இல், தமிழ்நாடு முடியும் இடத்தில் இருக்கிறது. கூடூர் செல்லும் ரயில் பாதையில் கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம். அடுத்த நிலையமான தடா ஆந்திரம். தெற்கே சிப்காட் தொழிற்பேட்டை, வடமேற்கே எல்லை தாண்டினால் ஸ்ரீசிட்டி, கிழக்கே பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவர் குப்பங்கள். ஷிப்டுக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளர், வலை வீசுபவர், தெலுங்கை வீட்டு மொழியாகக் கொண்டவர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தங்கியவர் என்று கலந்த பகுதி. இங்கே படிக்கும் பிள்ளையும் தடாவில் படிக்கும் பிள்ளையும் இன்று எழுதுவது ஒரே நீட். ஆனால் அந்தத் தேர்வுக்கு முன்னும் பின்னும் இருவருக்கும் கிடைப்பவை வேறு வேறு.

பங்கீடும் நேர்காணலும்

1920களில் நீதிக்கட்சி அரசு அரசுப் பணிகளுக்குக் கொண்டுவந்த வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் பின்னர் கல்லூரிச் சேர்க்கைக்கும் நீண்டது. 1950இல் நடைமுறையில் இருந்த ஆணைப்படி ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்-கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்து மருத்துவ இடம் கேட்டு வழக்குத் தொடுத்தவர் செண்பகம் துரைராஜன். அவர் கல்லூரிக்கு விண்ணப்பமே அனுப்பியிருக்கவில்லை என்பது வழக்கில் வெளிவந்த சுவையான செய்தி. ஆனாலும் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாததாக்கியது. தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பின் தொடர்ச்சியாக, சில மாதங்களுக்குள் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து 15(4) பிரிவைச் சேர்த்தது. அதன்மீதுதான் இன்றைய 69 சதவீதம் வரையிலான கட்டடம் நிற்கிறது.

பங்கீடு எவ்வளவு என்பது ஒரு கேள்வி. ஒவ்வொரு பங்குக்குள்ளும் யாரை எடுப்பது என்பது வேறு கேள்வி. 1960களில் அதற்குக் கிடைத்த விடை, பள்ளி, புகுமுக வகுப்பு மதிப்பெண்களுடன் நேர்காணல். நேர்காணல் முறைக்கு ஆதரவான வாதம் இன்றும் உயிரோடு இருக்கிறது: மருத்துவர் ஆகப்போகிறவரின் பேச்சு, பொறுமை, மனப்பாங்கு ஆகியவற்றை எழுத்துத் தேர்வு காட்டாது. எதிர்வாதம் அதைவிட வலுவானது: எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதையும் நேர்காணல் காட்டிவிடும். 1970இல் பெரியகருப்பன் வழக்கில், மாநிலத்தைப் பல அலகுகளாகப் பிரித்துத் தனித்தனித் தேர்வுக்குழுக்கள் நடத்திய சேர்க்கையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நேர்காணல் மதிப்பெண் போட்ட விதத்தையும் கண்டித்தது.

அதற்கு முன்பே, 1968இல், ராஜேந்திரன் வழக்கில் அடிபட்டது மாவட்டவாரி முறை. மக்கள்தொகைக்கேற்ப ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மருத்துவ இடங்களைப் பிரித்துக் கொடுத்தது சென்னை அரசு. அப்படிப் பிரிக்காவிட்டால் சென்னை நகரப் பிள்ளைகளே இடங்களை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது அரசு சொன்ன காரணம். சிறந்தவர்களைத் தேர்வதற்கும் மாவட்ட எல்லைக்கும் என்ன தொடர்பு என்று கேட்ட நீதிமன்றம், சமத்துவ உரிமைக்கு முரண் என்று அதை நீக்கியது. சட்டப்படி அந்தத் தீர்ப்பு முடிந்த கதை. ஆனால் அரசு சொன்ன அச்சம் பொய்யாகவில்லை. ஊர் தூரம் என்பது ஒரு குறைபாடா, அதை ஈடுகட்ட வேண்டுமா என்ற கேள்வி அன்றிலிருந்து வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது.

மாநில நுழைவுத் தேர்வு: 1984 முதல் 2006 வரை

எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984இல் தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு வந்தது. சிபாரிசுக்கும் நேர்காணலுக்கும் முடிவு கட்டுவது அதன் வாக்குறுதி. அந்த அளவில் அது வென்றது என்றே சொல்ல வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய பிற்கால வடிவத்தில் பிளஸ் டூ பாடங்களுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, மொத்தம் 300 என்று தரவரிசை போட்டார்கள். பள்ளி மதிப்பெண் மூன்றில் இரண்டு பங்கு எடை பெற்றதால், இன்றைய நீட்டோடு ஒப்பிட்டால் இது ஒரு நடுவழி ஏற்பாடு.

ஆனால் நூற்றில் ஓரிரு மதிப்பெண் பல நூறு ரேங்க் தள்ளிவிடும் போட்டியில், பள்ளி மதிப்பெண்ணில் எல்லோரும் உச்சியில் நெருங்கி நிற்க, அந்த 100 மதிப்பெண்ணே யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்த்தது. பிளஸ் டூ பரீட்சை முடிந்த மறுநாளே சென்னைக்கும் மதுரைக்கும் பெட்டி கட்டிக்கொண்டு கோச்சிங்குக்குப் போகும் பழக்கம் அந்த ஆண்டுகளில் வேர்விட்டது. நகரத்தில் உறவினர் வீடு உள்ளவர்களுக்கு அது ஒரு கோடை. இல்லாதவர்களுக்கு விடுதிச் செலவு. கிராமப்புறப் பள்ளிகளில் படித்தவர்களுக்கென 1990களில் கொண்டுவந்த 15 சதவீத ஒதுக்கீடு இதைச் சரிக்கட்டும் முயற்சி. நீதிமன்றத்தில் அது நிலைக்கவில்லை. 1968இல் மாவட்டமாக வந்த வாதம் இம்முறை கிராமமாக வந்து, அதே இடத்தில் தோற்றது.

அன்றும் ரிப்பீட்டர்கள் இருந்தார்கள். இம்ப்ரூவ்மென்ட் என்ற பெயரில் பிளஸ் டூ பாடங்களை மறுபடி எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொண்டு அடுத்த ஆண்டு வரிசையில் நிற்கலாம். ஓராண்டு வீட்டில் உட்கார வைத்துப் படிக்கவைக்க வசதியுள்ள குடும்பங்களுக்கு இது சலுகை என்ற புகார் எழுந்தது. 2005இல் ஜெயலலிதா அரசு நுழைவுத் தேர்வை நீக்க முனைந்தபோது இம்ப்ரூவ்மென்டையும் சேர்த்தே நீக்கப் பார்த்தது. அரசாணையும் பின்னர் வந்த சட்டமும் உயர் நீதிமன்றத்தில் விழுந்தன. 2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, அதன் அறிக்கையின் அடிப்படையில் சட்டம் இயற்றி, 2007இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. ஒன்றுக்கொன்று எதிரான இரு கட்சிகளும் ஒரே முடிவுக்கு வந்தது, நுழைவுத் தேர்வு கிராமத்துக்கு எதிரானது என்ற கருத்து அதற்குள் எவ்வளவு பரவிவிட்டது என்பதற்குச் சான்று.

பிளஸ் டூ மதிப்பெண் என்னும் பொற்காலம்?

2007 முதல் 2016 வரை உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிட்ட கட் ஆஃப் மட்டுமே மருத்துவ இடத்தைத் தீர்மானித்தது. நீட் எதிர்ப்பாளர்கள் திரும்பிப் பார்த்து ஏங்கும் காலம் இது. ஏக்கத்துக்குக் காரணம் உண்டு: தனித் தேர்வு இல்லை, தனிக் கட்டணம் இல்லை, பள்ளியில் படித்ததே போதும், அதுவும் முதல் முயற்சியிலேயே.

ஆனால் தயாரிப்புத் தொழில் மறைந்துவிடவில்லை. பள்ளிக்குள் குடிபுகுந்தது. நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் மாநிலம் முழுவதிலுமிருந்து பிள்ளைகளை ஈர்த்தன. ஊர்க்காரர்கள் அவற்றுக்கு வைத்த பிராய்லர் பள்ளிகள் என்ற பெயரே அவற்றின் நடைமுறையைச் சொல்லிவிடும். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே உருப்போட வைத்தார்கள். ப்ளூ பிரிண்ட் பார்த்து எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் என்று கணக்கிட்டுப் படிப்பது ஒரு கலையானது. 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம். 2025இல் மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அத்தேர்வு கைவிடப்பட்டது. பழைய பழக்கம் திரும்பாமல் எது தடுக்கும் என்று கேட்பவர்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

2007-2016 காலத்தின் பெரிய ஓட்டை, அரசுப் பள்ளி மாணவர்கள். பிளஸ் டூ எழுதுவோரில் பெரும்பங்கினர் அவர்கள். ஆனால் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தவர்கள் ஆண்டுக்குச் சில பத்துப் பேர்தான். கும்மிடிப்பூண்டி தாலுகாவின் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியிலிருந்து ஒருவர் எம்.பி.பி.எஸ். போவது நீட்டுக்கு முன்பும் அதிசயமாகவே இருந்திருக்கும். அந்தப் பத்தாண்டில் வென்றவர்களில் கணிசமானோர் கிராமத்தில் பிறந்தவர்கள், மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள். அதேசமயம் தனியார் மெட்ரிக் பள்ளிக் கட்டணம் கட்ட முடிந்தவர்கள். கிராமம் என்பதும் ஏழை என்பதும் ஒன்றாகவே புழங்கும் விவாதத்தில் இந்த வேறுபாடு கரைந்துவிடுகிறது.

நீட்: ஆதரவும் எதிர்ப்பும்

நீட் ஒரே நாளில் வந்ததல்ல. 2010 டிசம்பரில் இந்திய மருத்துவ கவுன்சில் அறிவிக்கை வெளியிட்டது. முதல் தேர்வு 2013 மே 5இல் நடந்தது. அதே ஆண்டு ஜூலையில், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி முதலியோர் தொடுத்த வழக்கில் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பையே திரும்பப் பெற்றது. அவ்வாண்டு மாநில இடங்களுக்கு அவசரச் சட்டம் விலக்குக் கொடுத்தது. 2017இல் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய விலக்கு மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 22 வரை விலக்கு வரும் வராது என்று இழுபறியில் கிடந்து, கடைசியில் நீட் தரவரிசைப்படியே சேர்க்கை நடந்தது. பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்திருந்த அரியலூர் மாவட்டம் குழுமூர் மாணவி, மருத்துவ இடம் கிடைக்காத அனிதாவின் மரணம் செப்டம்பர் 1இல். அதன் பிறகு தமிழ்நாட்டில் நீட் வெறும் கல்விப் பிரச்சினையாக இருக்கவில்லை.

ஆதரவாளர்களின் வாதங்களில் கனமானது தனியார் கல்லூரிகளைப் பற்றியது. நீட்டுக்கு முன் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆளுக்கொரு தேர்வு வைத்தன. ஒரு மாணவர் பல ஊருக்கு அலைந்து பல தேர்வு எழுதினார். நன்கொடை பேரம் திரைமறைவில் நடந்தது. மத்தியப் பிரதேசத்தின் வியாபம் ஊழல் மாநிலத் தேர்வுகளின் மானத்தை வாங்கியது. ஒரே தேர்வு, ஒரே தரவரிசை என்பது இவற்றுக்கு மருந்து என்றார்கள். 2020இல் உச்ச நீதிமன்றம் தனியார், சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று உறுதிசெய்தபோது இந்தக் காரணமே முன்னின்றது.

மருந்து பாதிதான் வேலை செய்தது எனலாம். பொதுப்பிரிவுக்கு 50, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 என்ற பெர்சன்டைல் தகுதி, மதிப்பெண்ணாக மாறும்போது மிகத் தாழ்வாக வருகிறது. 2025இல் பொதுப்பிரிவினர் 720க்கு 144 எடுத்தாலே தகுதி பெற்றார்கள். ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் கேட்கும் நிகர்நிலைக் கல்லூரிகளில், 500 எடுத்த ஏழை விலகிக்கொள்ள, அவருக்குப் பல லட்சம் ரேங்க் பின்னால் நிற்பவர் உள்ளே போகிறார். முதுநிலையில் 2023இல் தகுதி பெர்சன்டைல் பூஜ்யத்துக்கே இறங்கியது. தகுதிக்காகவே நீட் என்ற வாதத்துக்கு இதைவிடக் கடினமான கேள்வியை எதிர்ப்பாளர்கள்கூட எழுப்பியதில்லை.

நம்பகத்தன்மை பற்றிய வாதமும் அடி வாங்கியிருக்கிறது. 2024 தேர்வில் 67 பேர் முழு மதிப்பெண் பெற்றதாக வந்த முடிவு, 1563 பேருக்குக் கொடுத்த கருணை மதிப்பெண், பீகாரிலும் ஜார்க்கண்டிலும் வினாத்தாள் கசிவு என்று எல்லாம் ஒன்றுசேர்ந்தன. உச்ச நீதிமன்றம் தேர்வை ரத்து செய்ய மறுத்தாலும், இஸ்ரோ முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு சீர்திருத்தக் குழு அமைக்க வேண்டியதாயிற்று. தமிழில் எழுதுவோர் 2018இல் பட்ட பாடு தனி. தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

எதிர்ப்பு நிலைப்பாட்டின் முழுமையான ஆவணம், நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021 ஜூலையில் அளித்த அறிக்கை. 2016-17இல் 61 சதவீதமாக இருந்த கிராமப்புற மாணவர் பங்கு நான்கே ஆண்டில் ஏறத்தாழ 50 சதவீதமாகக் குறைந்ததையும், தமிழ்வழி மாணவர்கள் 15 சதவீத அளவிலிருந்து சில சதவீதத்துக்குச் சரிந்ததையும் அது காட்டியது. மாநிலப் பாடத்திட்டத்தினர் இழந்ததை சி.பி.எஸ்.இ. மாணவர்கள் பெற்றனர். அறிக்கையின் பலவீனமும் இங்கேயே உள்ளது. 2016-17ஐ அது இயல்பு நிலையாக எடுத்துக்கொள்கிறது. அந்த இயல்பு நிலை உறைவிடப் பள்ளிகள் உருவாக்கியது என்பதை மேலே கண்டோம். பாடத்திட்ட வேறுபாடு பற்றிய வாதமும் காலத்தால் தேய்ந்து வருகிறது. 2018க்குப் பிறகு வந்த புதிய மாநிலப் பாடநூல்கள் பழையவற்றைவிடக் கனமானவை. ஆனாலும் இந்த அறிக்கையில் ஓர் எண் மற்ற எல்லாவற்றையும்விட உற்று நோக்கத் தக்கது. சேர்ந்தவர்களில் ரிப்பீட்டர்கள் 2016-17இல் சுமார் 12 சதவீதம், 2020-21இல் 71 சதவீதம். பத்தில் ஏழு பேர் பள்ளி முடித்த பிறகு ஓராண்டோ அதற்கு மேலோ இதற்கென்றே செலவழித்தவர்கள்.

குழுவின் பரிந்துரைப்படி 2021 செப்டம்பரில் நிறைவேறிய மசோதாவை ஆளுநர் 2022 பிப்ரவரியில் திருப்பி அனுப்பினார். அதே மாதம் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டதை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார்.

அந்த ஓராண்டில் நடப்பது என்ன?

நீட் 180 நிமிடத்தில் 180 கேள்வி. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. உயிரியலை வரி வரியாகப் படித்தே பெரும்பகுதி கரை சேர்ந்துவிடலாம் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். மாணவர்களைக் கவிழ்ப்பது இயற்பியல். சூத்திரம் தெரிந்தால் போதாது, ஒரு கணக்கை ஒரு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், தெரியாததை விட்டுவிடும் துணிவும் வேண்டும். இந்தப் பழக்கம் புத்தகத்தில் கிடைப்பதில்லை. நூற்றுக்கணக்கான மாக் டெஸ்ட் எழுதி, ஓ.எம்.ஆர். தாளில் வட்டமிட்டு, எங்கே சறுக்கினோம் என்று யாரேனும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் வருவது. பயிற்சி நிலையம் விற்பதும் இதைத்தான். அறிவைவிட, திருத்திக்கொள்ளும் சுற்றுகளை அது அதிகம் விற்கிறது.

இதனால்தான் இரண்டாவது ஆண்டு முதல் ஆண்டைவிடப் பயன் தருகிறது. பள்ளிப் பொதுத்தேர்வு, செய்முறைத் தேர்வு, வருகைப்பதிவு என்ற இழுப்புகள் இல்லை. மூன்று பாடம் மட்டும். முயற்சிகளுக்கு உச்சவரம்பும் இப்போது இல்லை. வயது உச்சவரம்பும் 2022இல் நீங்கியது. திறமை சற்று முன்னே பின்னே இருந்தாலும், மூன்று முறை எழுத முடிகிறவர் ஒரே முறை எழுதக்கூடியவரைத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம்.

இனி ஆரம்பாக்கத்துக்கு வருவோம். நல்ல பயிற்சி நிலையங்கள் அண்ணா நகர் பக்கம். ரயிலில் போகலாம். ஆனால் புறநகர் வண்டிகளில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு திரும்பிவிடுகின்றன. அதற்கு வடக்கே வருபவை குறைவு. மாவட்டத் தலைநகர் திருவள்ளூர் அரக்கோணம் பாதையில் இருக்கிறது. ரயிலில் அங்கே போக வேண்டுமானால் சென்னைக்குள் இறங்கி வேறு வண்டி ஏற வேண்டும். 2022 ஜனவரியில் திறந்த 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருவள்ளூரும் ஒன்று. மாவட்டத்துக்குக் கல்லூரி வந்தது பெருமைதான், தயாரிப்பு அதனால் ஒரு நிலையம்கூடக் கிட்டே வரவில்லை. தினமும் போய்வந்தால் படிக்கும் நேரம் தண்டவாளத்தில் கழியும். விடுதியில் தங்கினால் கட்டணத்தோடு சாப்பாடும் சேரும். சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்க்கும் வீட்டில் பதினெட்டு வயதுப் பிள்ளை ஓராண்டு சும்மா இருப்பது என்றால், செலவு ஒரு பக்கம், வராமல் போகும் இன்னொரு சம்பளம் மறுபக்கம். பெண் பிள்ளையானால், ஒரு வருடம் வீணாகிறதே என்ற உறவினர் பேச்சும் கணக்கில் சேரும்.

எல்லைக்கு அப்பால் தயாரிப்பின் வடிவம் வேறு. ஆந்திரத்தில் எம்செட் நுழைவுத் தேர்வு 1980களிலிருந்து இருந்தது. அதைச் சுற்றி நெல்லூரில் தொடங்கிய நாராயணா போன்ற குழுமங்கள் ஜூனியர் காலேஜையே பயிற்சி நிலையமாக மாற்றிவிட்டன. அதனால் நீட் வந்தபோது அங்கே பெரிய அதிர்ச்சி இல்லை, அரசியல் எதிர்ப்பும் இல்லை. ஆரம்பாக்கத்துக் குடும்பம் ஒன்று தடாவைத் தாண்டிப் பிள்ளையை அப்படி ஒரு ஜூனியர் காலேஜில் சேர்த்தால் பயிற்சி கிடைக்கலாம். ஆனால் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளி ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். தொடர்ந்து நான்கு ஆண்டு அங்கே படிக்காதவர் ஆந்திரத்தின் உள்ளூர் மாணவர் கணக்கிலும் சேர்வது கடினம். ஒரே தேர்வு என்றாலும், தயாரிப்புக்கு மாநில எல்லை உண்டு.

7.5 சதவீதம்: ஈடுசெய்யும் வழி

அளவுகோலை மாற்ற முடியாதபோது, அளவுகோலுக்குள் இடம் ஒதுக்குவது அடுத்த வழி. நீதிபதி பொ. கலையரசன் குழுவின் பரிந்துரையை ஒட்டி 2020இல், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தகுதி பெற்றவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. முதல் ஆண்டிலேயே 313 எம்.பி.பி.எஸ். இடங்கள். கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு கலந்தாய்வு தொடங்கிய பிறகுதான் வந்தது. அதற்குள் தனியார் கல்லூரி இடத்தை வேண்டாம் என்று விட்டுப்போனவர்கள் இருந்தார்கள். 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது.

மாவட்டமும் கிராமமும் தோற்ற இடத்தில் அரசுப் பள்ளி வென்றது கவனிக்க வேண்டியது. பள்ளி என்பது குடும்பத்தின் பொருளாதார நிலைக்கு ஊரைவிட நம்பகமான அடையாளம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதாக இதைப் படிக்கலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எண்ணிக்கையில் இதற்கு இணையான திட்டம் தமிழகத்தில் முன்பு இருந்ததில்லை. பிளஸ் டூ மதிப்பெண் காலத்தில் சில பத்துகளாக இருந்தவர்கள் நீட்டின் கீழேயே நூற்றுக்கணக்கில் உள்ளே வந்தார்கள். நீட்டின் இரு தரப்பாருக்கும் சங்கடமான உண்மை இது. நீட் ஏழைகளை முற்றாகத் தடுக்கிறது என்போருக்கும் சங்கடம், தனி ஒதுக்கீடு இல்லாமலே தகுதி தானாக ஏழையைக் கண்டுகொள்ளும் என்போருக்கும் சங்கடம்.

குறைகளும் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளிகளில் அதே தெருவின் அதே வறுமையோடு படிப்பவர்கள் வெளியே நிற்கிறார்கள். எட்டாம் வகுப்பு வரை ஒடிசாவிலோ பீகாரிலோ படித்துவிட்டுத் தந்தையோடு கும்மிடிப்பூண்டிக்கு வந்து அரசுப் பள்ளியில் சேர்ந்த பிள்ளையும் அப்படியே. ஒதுக்கீட்டுக்குள்ளும் ரேங்க் உண்டு என்பதால், ஓராண்டு கூடுதலாகப் படிக்க முடிகிற அரசுப் பள்ளி மாணவர் முடியாதவரை முந்துவார். ஒன்றியம்தோறும் அரசுப் பயிற்சி மையம் என்று 2017இல் தொடங்கிய முயற்சியும் பின்னர் வந்த இணையவழிப் பயிற்சியும் பெரும்பாலும் பள்ளிக் காலத்துக்கும் பொதுத்தேர்வை ஒட்டிய சில வாரங்களுக்கும் உரியவை. பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகான அந்த இரண்டாவது ஆண்டை அரசு இன்னமும் குடும்பத்தின் கணக்கிலேயே விட்டிருக்கிறது.

வேறு இடங்களின் பதில்கள்

தமிழருக்கு இந்த விவாதத்தில் இன்னொரு நினைவும் உண்டு. இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் மருத்துவச் சேர்க்கைக்குத் தமிழ்வழி மாணவர்கள் 400க்கு 250 எடுக்க வேண்டியிருக்க, சிங்களவழியில் 229 போதுமானதாக இருந்தது. தரப்படுத்தல் என்ற பெயர் பெற்ற இந்த முறையும், 1974இல் சேர்ந்த மாவட்ட ஒதுக்கீடும் யாழ்ப்பாணத்து இளைஞர்களிடையே கிளப்பிய கசப்பு வரலாறாயிற்று. மொழிவழித் தரப்படுத்தல் பின்னர் கைவிடப்பட்டது. மாவட்டம் நிலைத்தது. இன்று பெரும்பாலான துறைகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் தகுதி, 55 சதவீதம் மாவட்டம், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற அளவில் சேர்க்கை நடக்கிறது. வன்னியிலும் மலையகத்திலும் உள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதே மாவட்ட முறை வாசல் திறந்தது. ஒரே கருவி ஒரு சமூகத்தின் ஒரு பகுதிக்குத் தண்டனையாகவும் மறு பகுதிக்கு ஏணியாகவும் இருந்திருக்கிறது. உயர்தரப் பரீட்சையை மூன்று முறைக்கு மேல் எழுதிப் பல்கலைக்கழகம் கேட்க முடியாது என்ற வரம்பும் அங்கே உண்டு. ஆனால் டியூஷன் அங்கும் ஓயவில்லை.

நெதர்லாந்தின் பதில் துணிச்சலானது. 1972 முதல் மருத்துவ இடங்களுக்கு அங்கே குலுக்கல். பள்ளி மதிப்பெண் அதிகமானால் வெல்லும் வாய்ப்பும் அதிகம், ஆனால் உறுதி இல்லை. நன்றாகப் படித்தவர்கள் குலுக்கலில் தோற்கிறார்களே என்ற கோபம் வளர்ந்து, 2017 வாக்கில் அது முழுவதும் நீங்கிக் கல்லூரிகளே தேர்வு நடத்தலாயின. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே அந்தத் தேர்வுகள் சாதகமாகின்றன, தயாரிப்புக்குப் பணம் பறக்கிறது என்ற விமர்சனம் உடனே கிளம்பியது. 2023இல் குலுக்கலுக்குச் சட்டம் மறுபடி இடம் கொடுத்தது. குலுக்கலின் பெரிய கவர்ச்சி அதன் நியாயத்தைவிட, அதற்குத் தயாராக முடியாது என்பதில் இருக்கிறது. இந்தியாவில் அதை யாரும் ஏற்கமாட்டார்கள் என்பது வேறு செய்தி.

எஞ்சி நிற்பவை

இத்தனை பதில்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு முடிவை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். எழுத்து வடிவத் தேர்வு எதுவானாலும் அதற்கான தயாரிப்புச் சந்தை சில ஆண்டுகளுக்குள் உருவாகிவிடுகிறது. நீட்டை நீக்கினால் அது பள்ளிக்குள் போகும், வைத்திருந்தால் பள்ளிக்கு வெளியே நிற்கும். முறைகளுக்கிடையே உண்மையான வேறுபாடு, கூடுதல் ஆண்டு எவ்வளவு பலன் தருகிறது என்பதில். அந்த அளவில் பிளஸ் டூ முறை நீட்டைவிட மலிவானது என்ற வாதத்துக்கு ரிப்பீட்டர் எண்கள் வலுவான ஆதரவு. பிளஸ் டூ முறை நியாயமானது என்ற வாதத்துக்கு அவ்வளவு ஆதரவு இல்லை.

தீராதவை பல. நீட் வழி வந்தவர்கள் சிறந்த மருத்துவர்களா என்பதை எடைபோட இன்னும் காலம் போதவில்லை. 2017இல் சேர்ந்த முதல் அணி பயிற்சி மருத்துவம் முடித்து வெளியே வந்தது 2023இல்தான். அவர்களில் எத்தனை பேர் ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வருகிறார்கள் என்ற கணக்கு, கிராமங்களுக்கு மருத்துவர் கிடைக்காமல் போகலாம் என்று ஏ.கே. ராஜன் குழு எழுப்பிய அச்சம் சரியா என்பதைச் சோதிக்கும். முயற்சிகளுக்கு வரம்பு வைக்கலாமா என்பது இன்னொன்று. வரம்பு வைத்தால் வசதியுள்ளவரின் மூன்றாம், நான்காம் முயற்சி குறையும். ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே மெல்ல மெல்லத் தயாராகி நான்காவது முறையில் வெல்லும் ஏழையின் கதவும் அதோடு அடைபடும். முதல் முயற்சிக்குக் கூடுதல் எடை தரலாமா, நீட்டோடு பள்ளி மதிப்பெண்ணையும் பழைய மாநில நுழைவுத் தேர்வின் பாணியில் சேர்க்கலாமா என்பவை நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தினால்தான் பேசக்கூடியவை.

மாநில அரசு தன் அதிகாரத்துக்குள்ளேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிய பேச்சு ஏனோ குறைவு. பள்ளி முடித்து, நீட்டில் எல்லைக்கு அருகே வந்து தவறவிட்ட அரசுப் பள்ளி மாணவருக்கு, தங்கும் இடமும் உணவும் உதவித்தொகையும் சேர்த்து ஓராண்டுப் பயிற்சியை அரசே தருவது. ஒரு மருத்துவக் கல்லூரி கட்டும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையாக இருக்காது. தேர்வையே எதிர்க்கும் ஓர் அரசு, அந்தத் தேர்வுக்கான பயிற்சியை முழுநேர விடுதியாக நடத்துவது அரசியலில் முரண்பாடாகத் தெரியுமா என்பதே தடை போலும்.